கொச்சிக்கடையிலிருந்து கறுவாத்தோட்டம் வரை

பத்தாம் வகுப்பில் நான் அரசனாக நடித்தேன். கண்மையால் வரைந்த மீசை வியர்வையில் கரைந்து இரண்டாம் காட்சியிலேயே உதட்டுக்கு இறங்கிவிட்டது. பெண்கள் பாடசாலை என்பதால் அரசனும் நாம்தான், அமைச்சரும் நாம்தான், வாயிற்காவலனும் நாம்தான். மதிலுக்கு வெளியே, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் (நீர்கொழும்புக்கு அப்பாலுள்ள கொச்சிக்கடையைச் சொல்லவில்லை, அந்தோனியார் கோயிலடி), நிலைமை நேர்மாறாக இருந்தது. அங்கே கூத்தென்றால் அரசியும் ஆண், தோழியும் ஆண். பாடசாலை விட்ட அடுத்த வருடம் ஒரு நாடகக் குழுவினர் வீட்டுக்கு வந்து என்னை நடிக்க அனுப்பும்படி கேட்டார்கள். ஐயா அவர்களுக்குத் தேநீர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. இப்படி ஒரு கதை நம்மில் பலருக்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் ஆங்கில ரீச்சர் ஒருமுறை எங்களை லயனல் வென்ட் அரங்குக்கு ஒரு நாடகம் பார்க்கக் கூட்டிச் சென்றார். கொழும்பு 7, கில்ட்போர்ட் கிரசென்ட். கப்பற் சங்கும் கருவாட்டு மணமும் கலந்த எங்கள் தெருவிலிருந்து மரநிழல் விழும் அந்த வீதிக்குப் போனது வேறு நாட்டுக்குப் போனது போலிருந்தது. படமாளிகைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அரங்கு சிறியதாகத் தெரிந்தது. பின்வரிசையிலிருந்தும் நடிகரின் முகம் தெரிந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

யார் இந்த வென்ட் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. 1900ஆம் ஆண்டில் பிறந்த பறங்கியர். தந்தை உயர் நீதிமன்ற நீதியரசர். மகன் இலண்டனில் சட்டமும் பியானோவும் படித்துத் திரும்பி, சட்டத்தைக் கைவிட்டுப் பியானோவையும் பிறகு புகைப்படக் கருவியையும் எடுத்துக்கொண்டார். 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் ஒலிக்கும் விவரணைக் குரல் அவருடையது. நவீன ஓவியர்களைச் சேர்த்து 1943இல் '43 குழு' உருவாகக் காரணமாக இருந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். அவருடைய வீடு இருந்த நிலத்தில், நண்பர் ஹரல்ட் பீரிஸ் முன்னின்று எழுப்பிய நினைவு நிலையம்தான் இது. 1953 டிசம்பரில் மாக்சிம் கோர்க்கியின் 'அதல பாதாளம்' நாடகத்தோடு அரங்கு திறந்தது. கறுவாத்தோட்டத்துச் சீமான்கள் நடுவே சத்திரத்தில் ஒதுங்கிய திருடரும் குடிகாரரும்! தொடக்கம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

பின்னர் ஏர்னஸ்ட் மெக்கின்டயர் போன்றோரின் ஆங்கில நாடகங்களும் சிங்களத்தின் பல புது முயற்சிகளும் அங்கே மேடையேறின. அவற்றுள் தலையானது 1956 நவம்பர் 3ஆம் திகதி அரங்கேறிய 'மனமே'. எதிரிவீர சரத்சந்திர எழுதி, பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தது. சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றியது என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் வேரில் ஒரு நுனி எங்கள் பக்கத்தில் கிடக்கிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

சரத்சந்திர அதற்கு எடுத்துக்கொண்ட வடிவம் 'நாடகம' எனும் பழைய ஆட்டம். பெயரே சொல்கிறது, அது தமிழ் நாடகத்திலிருந்து போனது. கத்தோலிக்கக் கரையோரத்தில் புனிதர்களையும் மூவிராசாக்களையும் பாடி ஆடிய தமிழ்க் கூத்து, சிலாபம், நீர்கொழும்பு, கொழும்புக் கரைகளில் சிங்களத்துக்கு மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை வளர்த்தவராகச் சொல்லப்படும் பிலிப்பு சிங்ஞோ கொழும்பைச் சேர்ந்த ஒரு கொல்லர். கோயிலடியில் விடிய விடிய ஆடியது, நூற்றாண்டுக்கு மேல் சுற்றிவந்து, கறுவாத்தோட்டத்தில் 'புதுமை' என்று கைதட்டல் வாங்கியது. எனக்கு இதில் பெருமையும் உண்டு, கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

எரிச்சலை ஆக்கமாக்கியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அதே பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' என்று மேடைக்குக் கொண்டுவந்தார். இராவணனாக ஆடியவர் மாணவராயிருந்த சி. மௌனகுரு.

எழுபதுகளில் கொழும்புத் தமிழரிடையே ஒரு நாடகக் காய்ச்சலே இருந்தது. நா. சுந்தரலிங்கம், அ. தாசீசியஸ், சுஹேர் ஹமீட் முதலியோர் சிறுசிறு குழுக்களாக இயங்கினார்கள். பகலில் கந்தோரும் பாடசாலையும், மாலையில் ஒத்திகை. சபா நாடகங்களின் மாளிகைத் திரைகளையும் 'ஸ்வாமி' வசனங்களையும் உதறிவிட்டு, வெறும் மேடை, ஒளி, உடல் இவற்றை நம்பினார்கள். ஹவ்லொக் நகர் லும்பினி அரங்கு அவர்களுக்கு ஒரு வீடு போல. ஒன்றிரண்டு காட்சிகளோடு நாடகம் முடிந்துவிடும், கைக்காசும் முடிந்துவிடும்.

தாசீசியஸ் நெறிப்படுத்திய மகாகவியின் 'புதியதொரு வீடு' எனக்கு முக்கியமானது. கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. இறந்தான் என்று எண்ணி, காலப்போக்கில் அவள் அவனுடைய தம்பியை மணக்கிறாள். பிறகு ஒருநாள் அவன் வந்து நிற்கிறான். 'மனமே'யிலும் ஒருத்தி இரு ஆண்களுக்கு நடுவே நிற்கிறாள். கையில் வாள் இருக்கிறது, ஒரு கணம் தயங்குகிறாள், கணவன் மடிகிறான், குற்றம் யாருடையது என்று ஊரே இன்றுவரை வாதிடுகிறது. மகாகவியின் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே மனம் வராது. ஆழ்கடலுக்குப் போனவரைக் காத்திருந்து பழகிய எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பெண் பாத்திரத்துக்குப் பெண்ணைத் தேடுவதுதான் இக்குழுக்களின் தீராத் தலையிடி. பல நல்ல பிரதிகளில் பெண்ணே இல்லாததற்குக் கலைக் காரணம் மட்டும் உண்டென்று நான் நம்பவில்லை. அந்த நடிகைகள் எங்கேயிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்: தேநீர் கொடுத்து அனுப்பிய வீடுகளில், கதவுக்குப் பின்னால்.

1978இல் க. பாலேந்திராவும் நண்பர்களும் தொடங்கிய தமிழ் அவைக்காற்றுக் கலைக் கழகம் இந்த இடத்தில்தான் துணிந்தது. டெனசி வில்லியம்ஸின் நாடகத்தை நிர்மலா நித்தியானந்தன் 'கண்ணாடி வார்ப்புகள்' என்று தமிழாக்கித் தாமே தாயாகவும் நடித்தார். ஆனந்தராணி அதில் மகள். அடுத்து 'ஒரு பாலை வீடு'. ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் 'பெர்னார்டா அல்பாவின் வீடு'. தகப்பன் இறந்த வீட்டில் தாய் எட்டு வருடத் துக்கம் விதித்துக் கதவையும் சன்னலையும் சாத்துகிறாள். உள்ளே ஐந்து பெண்மக்கள். மேடையில் ஓர் ஆணும் தோன்றுவதில்லை. ஆனால் எல்லாம் ஓர் ஆணைச் சுற்றியே நடக்கிறது. மேடை நிறையத் தமிழ்ப் பெண்கள், மீசை இல்லாமல், பெண்களாகவே! அந்த நாடகத்தை நான் பார்க்கவில்லை. அப்போது எனக்குத் திருமணமாகிக் கைக்குழந்தை இருந்தது. பிறகு பிரதியைப் படித்தபோது, ஸ்பெயினை விட்டு வெள்ளவத்தையில் நாலைந்து வீடுகள்தான் ஞாபகம் வந்தன.

லோர்கா அதை எழுதி முடித்த 1936ஆம் ஆண்டிலேயே கொல்லப்பட்டார். நாடகம் 1945இல்தான் புவனஸ் அயரெஸில் முதன்முதலாக மேடையேறியது. அவருடைய உற்ற நண்பர் கவிஞர் பப்லோ நெருடா. அந்த நெருடா 1929இல் சிலி நாட்டுக் கொன்சலாகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தைக் கடலோரத்தில் குடியிருந்தார். லயனல் வென்டின் நட்பைப் பற்றித் தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அதே நூலில், தம் வீட்டில் மலசலகூடம் துப்புரவாக்க வந்த தமிழ்ப் பெண்ணை வன்முறையாகத் தீண்டியதையும் அவரே எழுதியிருக்கிறார். அவள் பெயர் அதில் இல்லை. வென்டையும் லோர்காவையும் ஒரே மூச்சில் பேசும்போது இவளை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கொழும்பின் கலை வரலாற்றில் இவளுக்கும் ஒரு காட்சி உண்டு.

1983 ஜூலை இவை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. பாலேந்திராவும் ஆனந்தராணியும் இலண்டனில் அவைக்காற்றுக் கழகத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள்; தாசீசியஸும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். இலண்டனில் இருக்கும் நம் பழைய மாணவியர் சிலர் பிள்ளைகளை அவர்களுடைய சிறுவர் நாடகங்களுக்கு அனுப்பியிருப்பதாக அறிகிறேன். லயனல் வென்ட் அரங்கு இன்றும் அதே இடத்தில் இயங்குகிறது.

மலர்க்குழுவினர் பழைய நாடகப் படங்களும் நோட்டீஸ்களும் சேகரிக்கிறார்கள். வைத்திருப்பவர்கள் பிரதி எடுத்து அனுப்புங்கள். மீசையோடு நான் நிற்கும் படம் ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. 83இல் வீட்டோடு எரிந்துவிட்டது. அமைச்சராக நடித்தவரிடமோ வாயிற்காவலரிடமோ இன்னொரு பிரதி இருக்கலாம்.