மிளகுக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை

எங்க பாச்சலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள்ள போனா, நிழல் மரங்கள்ல மிளகுக் கொடி ஏறிக் கிடக்கும். இந்த மிளகைப் பற்றி அந்தக் காலத்துப் போர்ச்சுகீசியர் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடப்போய்த்தான் கார்சியா த ஒர்ட்டா என்ற வைத்தியரிடம் வந்து நின்றேன். 1563-ல் கோவாவில் அச்சான அவருடைய மருந்துச் சரக்கு நூலில் மிளகு, ஏலம், இஞ்சி எல்லாம் இருக்கிறது. ஆனா என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவருடைய குடும்பக் கதை.

ஒர்ட்டாவின் பெற்றோர் ஸ்பெயினிலிருந்து போர்ச்சுகலுக்கு வந்த யூதர்கள். 1497-ல் மன்னர் மனுவேல் அங்கிருந்த யூதர்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். அப்படி மதம் மாற்றப்பட்டவர்களுக்கு 'புதிய கிறிஸ்தவர்கள்' என்று பெயர். மாறியது பெயர்தான், சந்தேகம் போகவில்லை. ரகசியமாக யூத மதத்தைக் கடைப்பிடிக்கிறார்களா என்று தலைமுறை தலைமுறையாகக் கண்காணித்தார்கள்.

ஒர்ட்டா 1534-ல் கப்பலேறி கோவா வந்தார். இரண்டே வருடத்தில் போர்ச்சுகலில் மதவிசாரணை மன்றம் வந்துவிட்டது. 1560-ல் அது கோவாவுக்கும் வந்து சேர்ந்தது. 1568-ல் ஒர்ட்டா இயற்கையாகவே இறந்தார். அடுத்த வருடம் அவருடைய தங்கை கத்தரீனாவை, யூத மதத்தை விடாதவர் என்று சொல்லி எரித்தார்கள். 1580-ல் ஒர்ட்டாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

இதே 1568-ல் கொச்சியில் என்ன நடந்தது தெரியுமா? மட்டாஞ்சேரியில், ராஜாவின் அரண்மனையை ஒட்டியே, பரதேசி யூதர்கள் ஜெப ஆலயம் கட்டினார்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெறாதவர்கள். கொச்சி ராஜாவின் பாதுகாப்பில் இருந்தவர்கள். 1662-ல் போர்ச்சுகீசியர் அந்த ஆலயத்தைத் தாக்கினார்கள். ஆனாலும் ஆலயம் மீண்டு, இன்றைக்கும் நிற்கிறது.

இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. மதவிசாரணை மன்றத்தின் பிடி முதன்மையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் மேல்தான். மாறாத யூதன் அதன் பார்வையில் வெளியாள். மாறியவன் பழையதைத் தொட்டால் மதத் துரோகி. பேரரசு கட்டாயமாகக் கொடுத்த அந்த ஞானஸ்நானமே, பின்னால் அவர்கள் மேல் குற்றம் சாட்டுவதற்கான ஆதாரமாக ஆனது. கோவாவில் அந்த மன்றம் முழுசாக ஒழிய 1812 வரைக்கும் ஆனது.

மதமாற்றம் பற்றி இன்றைக்கு நாம் சண்டை போடும்போது "எத்தனை பேர் மாறினாங்க?" என்றுதான் எண்ணுகிறோம். மாறினவர்களை அதற்குப் பிறகு நம்பினார்களா, நிம்மதியாக வாழவிட்டார்களா என்பதையும் கேட்டுப் பார்க்கணும். கத்தரீனாவின் கதை எனக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தது.