நுரை யாருக்காக வந்தது?

ஓடும் ஷூவுக்குள் இன்றைய நுரை மெத்தை வந்து சுமார் ஐம்பது வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் மெல்லிய ரப்பர் அடியோடு ஓடினார்கள், இல்லையென்றால் வெறுங்காலோடு. வெறுங்காலில் ஓடிப் பேர் வாங்கியவர் பிகாரின் சிவநாத் சிங். 1978-ல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் முடித்தார். நாற்பது வருஷத்துக்கும் மேல் அந்தத் தேசியச் சாதனை முறியாமல் இருந்தது.

அப்படியானால் மெத்தை யாருக்காக வந்தது? 1962 கடைசியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் நியூசிலாந்து போனார். அங்கே ஆர்தர் லிடியார்ட் நடுத்தர வயதுக்காரர்களை மெதுவாக, நெடுந்தூரம் ஓட வைத்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பிய பவர்மேன் 1967-ல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து ஜாகிங் பற்றிப் புத்தகம் எழுதினார். அடுத்த சில வருஷங்களில், நாற்காலியிலேயே வாழ்ந்த லட்சக்கணக்கானவர்கள் தார்ச்சாலையில் இறங்கினார்கள். கால் வலித்தது. எழுபதுகளின் நடுவில் ப்ரூக்ஸ் தன் ஷூவில் ஈ.வி.ஏ நுரையை வைத்தது. பெரிய ரகசியமெல்லாம் இல்லை, பிளாஸ்டிக்குக்குள் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள். நம்ம ஊர்க் கடைகளில் தொங்கும் பல செருப்புகளும் அதே சரக்குதான். சீக்கிரமே, விண்வெளித் துறைப் பொறியாளர் ஃபிராங்க் ரூடியின் யோசனையில், நைக்கி காற்றுப் பையையே ஷூவின் அடியில் வைத்தது.

2009-ல் ஊசல் இரண்டு பக்கமும் ஆடியது. கிறிஸ்டோபர் மெக்டூகலின் புத்தகம் வெறுங்கால் ஓட்டத்தை ஃபேஷனாக்கியது. அதே வருஷம் பிரான்ஸில் தொடங்கிய ஹோகா, ஷூவின் அடியை இட்லி மாதிரி தடிக்க வைத்தது. விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூ விற்ற வைப்ரம், அதன் ஆரோக்கிய விளம்பரங்கள் மீது வந்த வழக்கில் 2014-ல் 37.5 லட்சம் டாலர் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது.

இன்று அந்த நுரை நம்ம பக்கத்திலேயே அச்சில் வார்க்கப்படுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே நைக்கிக்கு ஷூ செய்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பாலக்கோட்டில், என் சித்தி பையன் காவலர் தேர்வுக்காகத் தினமும் ஓடுகிறான். 1500 மீட்டர், 7 நிமிஷம். "கடைக்காரரு காலைப் பாத்துட்டு, தட்டைப் பாதம், இந்த மாடல்தான் போடணும்ன்றாருண்ணா. 6000 ரூபா." அவன் வீட்டில் அது ஒரு மாசத்து மளிகை.

அவனுக்கு ராணுவக் கதையைச் சொன்னேன். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பிரிவுக்குப் பாத வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு எல்லோருக்கும் ஒரே ரகம். 2009, 2010-ல் வெளியான முடிவுகளின்படி, காயங்களில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசமே இல்லை.

சரி, மெத்தை வீணா? அதுவும் இல்லை. 2020-ல் லக்ஸம்பர்க் ஆய்வாளர்கள் 848 பேரை ஓடவிட்டார்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்த ஷூக்களில் சிலருக்குக் கடினமான அடி, சிலருக்கு மென்மையான அடி. கடினமானதில் காயம் அதிகம். ஆச்சரியம் என்னவென்றால், மென்மையால் பலன் கண்டவர்கள் எடை குறைந்தவர்கள். எடை கூடியவர்களிடம் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. "வெயிட்டா இருக்கீங்க, குஷன் அதிகமா எடுங்க" என்கிற கடைப் பேச்சுக்கு இது நேர் எதிர்.

2015-ல் பென்னோ நிக் என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்து எளிமையானது: காலுக்குச் சௌகரியமாகத் தெரிவதையே எடுங்கள். எனவே சாயங்காலம் கடைக்குப் போங்கள், அப்போது பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் விடுங்கள். ரெண்டு மூணு ஜோடி மாட்டி, கடை வாசலில் ஓடிப் பாருங்கள். எது காலில் இருப்பதே மறந்துபோகிறதோ, அது போதும். விலை 2000 ஆனாலும் சரி. மிச்சக் காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்கலாம். நுரை எதுவாக இருந்தாலும், தூரத்தை மெதுமெதுவாகத்தான் கூட்ட வேண்டும்.