இடியின் மக்கள்

குடிக்கு மருந்து உண்டு என்கிறார்கள். சீட்டாட்டத்துக்குக் கையில் இருக்கிற காசு தீர்ந்து போவதே மருந்து. மோட்டார் சைக்கிள் பைத்தியத்துக்கு மட்டும் தன்வந்திரிகூட ஒன்றும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. எனக்கு இருபது வருஷமாக இந்த உபத்திரவம். முதுகு வலிக்கிறது, இடுப்பு ஓலமிடுகிறது, என் சம்பாத்தியத்தில் மெக்கானிக் தம் பெண்ணுக்குக் கல்யாணமே செய்து முடித்துவிட்டார். ஆனாலும், "காப்பிப் பொடி தீர்ந்துவிட்டது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் போதும். "கும்பகோணம் பொடிதான் பொடி" என்று கிளம்பிவிடுகிறேன். நான் இருப்பது தஞ்சாவூரில். போக இருபத்தைந்து மைல், வர இருபத்தைந்து மைல். தெருமுனையிலேயே பொடி அரைக்கிற கடை இருக்கிறது என்பதை வீட்டில் யாரும் இப்போது ஞாபகப்படுத்துவதில்லை. பலனில்லை என்று கண்டுகொண்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்ட நோயாளிக்கு ஒரே ஆறுதல், தன்னைவிட முற்றிய ஆசாமி ஒருவரைச் சரித்திரத்தில் தேடிப் பிடிப்பதுதான். எனக்கு அகப்பட்டவர் டி. ஈ. லாரன்ஸ். முதல் உலக யுத்தத்தில் அரேபியர்களோடு ஒட்டகம் ஏறித் துருக்கியரை எதிர்த்துப் போரிட்டு, 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் வாங்கியவர். புகழ் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1922-ல் வேறு பெயர் வைத்துக்கொண்டு விமானப் படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்துவிட்டார். பதவியைத் துறந்தார், பட்டங்களை வேண்டாம் என்றார். மோட்டார் சைக்கிளை மட்டும் அவரால் விட முடியவில்லை.

அதுவும் சாதாரண வண்டியா? நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் பிரஃப் என்பவர் செய்த 'பிரஃப் சுபீரியர்'. மோட்டார் சைக்கிள்களில் ரோல்ஸ் ராய்ஸ் என்று அதற்குப் பெயர். அதன் எஸ்.எஸ். 100 மாதிரியை, மணிக்கு 100 மைல் ஓடும் என்று உத்தரவாதம் கொடுத்தே விற்றார்கள். லாரன்ஸிடம் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பிரஃப் வண்டிகள் இருந்தன. எட்டாவதற்கும் சொல்லி வைத்திருந்தார். இயேசு தம் சீடர் இருவருக்கு வைத்த 'பொவனெர்கேஸ்' என்ற பெயரை வண்டிக்குச் சூட்டினார். இடியின் மக்கள் என்று அர்த்தம். அதோடு முதலாம் ஜார்ஜ், இரண்டாம் ஜார்ஜ் என்று ராஜவம்சம் போல வரிசை வேறு. இங்கிலாந்தின் சிம்மாசனத்தில் ஐந்தாம் ஜார்ஜ் இருந்தபோதே இவருடைய கொட்டகையில் ஏழாம் ஜார்ஜ் வந்துவிட்டார்!

'தி மின்ட்' என்ற அவருடைய புத்தகம் அவர் இறந்து இருபது வருஷம் கழித்து, 1955-ல் வெளிவந்தது. அதில் ஒரு நாள் ஓட்டத்தை வர்ணிக்கிறார். தலைக்கு மேலே பறந்த விமானத்தோடு பந்தயம். பிறகு லிங்கனில் பன்றி இறைச்சி, நாட்டிங்ஹாமில் சாஸேஜ், வழியில் பதினைந்து முட்டை. இதைப் படித்ததும் எனக்குக் கண்ணில் நீர் தளும்பியது. காப்பிப் பொடிக்குக் கும்பகோணம் போகிற குலத்துக்கு மூலபுருஷர் அல்லவா இவர்!

1935 பிப்ரவரியில் படையிலிருந்து விடைபெற்று, டார்செட்டில் 'கிளவுட்ஸ் ஹில்' என்ற சின்னஞ்சிறு வீட்டில் குடியேறினார். மே 13-ந் தேதி பக்கத்து ராணுவ முகாமுக்குப் போய், எழுத்தாள நண்பர் ஒருவருக்குத் தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பினார். வீடு வந்துவிட்ட மாதிரிதான். சைக்கிளில் போன இரண்டு பையன்கள் கடைசி க்ஷணத்தில் கண்ணில் பட்டார்கள். வண்டியை ஒடித்தார், தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. பந்தயக்காரர்களைத் தவிர மற்றவர்கள் அதை நினைத்துப் பார்க்காத காலம். ஆறு நாள் நினைவு திரும்பவே இல்லை. மே 19-ல் போய்விட்டார். வயசு 46. பையன்கள் பிழைத்தார்கள்.

அவரைப் பார்க்க வரவழைத்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அவர் அதை மறக்கவில்லை. அடுத்த யுத்தம் வந்ததும், மோட்டார் சைக்கிளில் போய்த் தலையடிபட்டுச் சாகிறவர்களைக் கணக்கெடுத்தார். தலைக்கவசம் உயிரைக் காக்கும் என்று 1941-ல் 'பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலி'ல் எழுதினார். செய்தி கொண்டுபோகும் ராணுவ வீரர்களுக்கு அந்த வருஷமே அது கட்டாயமாயிற்று. பிரிட்டனில் எல்லோருக்கும் சட்டம் வந்தது 1973-ல். அதைப் பார்க்க டாக்டர் இல்லை, 1952-லேயே காலமாகிவிட்டார். நம் நாட்டில் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு அதையே சொல்கிறது.

பாலைவனத்தில் லாரன்ஸ் சாதித்தது எவ்வளவு என்று சரித்திரக்காரர்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். அவர் நினைவின்றிக் கிடந்த அந்த ஆறு நாள், எத்தனையோ பைத்தியங்களைப் பத்திரமாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. எங்கள் நோய்க்கு மருந்து இல்லைதான். நோயாளி பிழைத்துக் கிடக்க ஒரு வழி கிடைத்தது. வெயிலில் மண்டை வேகிறது, காது கேட்கவில்லை என்று நாங்கள் முனகுகிறோம். முனகுவதற்குத் தலை ஒன்று மிஞ்சியிருப்பதனால்தானே?