உறுதி இல்லாதவரின் பேரம்: கொழும்பின் நகரப் புதுப்பிப்பும் சமூக அபிவிருத்தி உத்தியோகத்தரின் பணியும்

கொழும்பில் தொடர்மாடிகள் இரு வழிகளில் எழுந்தன. வெள்ளவத்தையில் தனிவீட்டுக்காரர் காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுநரோடு பேசினார். காணிக்கு ஈடாக எத்தனை வீடு, எந்த மாடியில், எப்போது என்று எழுதி வாங்க அவரால் முடிந்தது. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம் என விரியும் வட கொழும்பின் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தோர் பலரும் தொடர்மாடிகளுக்கே போனார்கள். ஆனால் நிபந்தனை பேசும் இடத்தில் அவர்கள் இருக்கவில்லை. இவ்வேறுபாட்டின் வேர் வருமானத்தில் மட்டுமல்ல, பேரம்பேசும் வலுவிலும் இருக்கிறது. உறுதி இல்லாதவருக்கு அவ்வலுவைத் திரட்டித் தருவதே சமூக அபிவிருத்தி உத்தியோகத்தரின் முதற்பணி என்பது இக்கட்டுரையின் வாதம்.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அதன் நகரப் புத்துயிரளிப்புத் திட்டம் ஏறத்தாழ 68,000 குடும்பங்களை அடுக்குமாடிகளில் குடியமர்த்தி, சுமார் 900 ஏக்கர் காணியை விடுவிக்க முனைந்தது. அக்காணியின் சந்தைப் பெறுமதியே திட்டத்தின் மூலதனம். ஆயினும் தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தவர்களில் பலர் புதிய வீட்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தவணையில் கட்ட நேர்ந்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலும் 2016இலும் வெளியிட்ட அறிக்கைகள் வெளியேற்றத்தையும் அதற்குப் பிந்திய வாழ்வையும் விரிவாகப் பதிவு செய்துள்ளன.

அநீதி கணக்கெடுப்பிலேயே தொடங்குகிறது. தோட்டத்தில் ஒரே கதவிலக்கத்துக்குள் கீழே பெற்றோரும், மேலே பலகையடித்த அறையில் மணமுடித்த மகளும், பின்புறம் மகனுமாக மூன்று அடுப்புகள் எரியும். கதவை எண்ணினால் ஒரு வீடு, அடுப்பை எண்ணினால் மூன்று. கணக்கில் வராத இழப்புகளும் உண்டு. வாசலில் இடியப்பம் விற்ற பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் வாடிக்கை கிடைக்காது. கடையில் கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்கும் பழக்கமும் அயலாரோடு போடும் சீட்டும் இழப்பீட்டுப் படிவத்தில் ஏறுவதில்லை.

வேறு வழி இந்நகரத்துக்குத் தெரியாததல்ல. 1984 முதல் 1989 வரை நடந்த பத்து லட்சம் வீடமைப்புத் திட்டத்தில், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தர்கள் சமூக அபிவிருத்தி மன்றங்களோடு அமர்ந்து திட்டமிட்டார்கள். கொழும்பின் நவகம்புரவில் கட்டட விதிகளைக் குடியிருப்பாளர்களே பேசி வகுத்தார்கள். சிறு கட்டுமான ஒப்பந்தங்களும் மன்றங்களுக்குக் கிடைத்தன. அரசியல் ஆதரவு குன்றியபின் மன்றங்கள் பல நலிந்தன. பங்கேற்பு ஆட்சியாளரின் விருப்பத்தில் தங்கியிருந்ததே அத்திட்டத்தின் பலவீனம்.

நெருக்கடியான நகரில் எல்லோரையும் இருந்த இடத்திலேயே, தரையோடு தரையாகக் குடியமர்த்த இயலாது என்பார்கள். அது உண்மை. வெள்ளம் புகாத வீடும் சொந்தக் கழிப்பறையும் பெரும் பேறு என்பதும் உண்மை. இங்கு மறுக்கப்படுவது மாடிவீடல்ல, பேச்சில்லாத இடமாற்றம். காணி ஆவணம் இல்லாதோரையும் நியாயமாக நடத்த வேண்டும் என்று 2001இன் தேசிய விருப்பமற்ற மீள்குடியேற்றக் கொள்கையே கூறுகிறது. ஆனால் கொள்கைக்குச் சட்டத்தின் கட்டாயம் இல்லை.

ஆகவே மூன்று மாற்றங்கள் வேண்டும். முதலாவது, கணக்கெடுப்பு அடுப்பை அலகாகக் கொள்ள வேண்டும். அதன் பிரதி குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, வீடு இடிபடுமுன் விலை, தவணை, உறுதி கிடைக்கும் காலம், தொழிலுக்கான தரைத்தள இடம் ஆகியவை அவரவர் மொழியில் எழுதிக் கையொப்பமாக வேண்டும். மூன்றாவது, உத்தியோகத்தர் காணியை விடுவிக்கும் நிறுவனத்துக்கன்றி மாநகர சபைக்குப் பொறுப்புக்கூற வேண்டும். குடியேறியபின் முகாமைத்துவக் குழு அமைக்க மட்டும் அவரை அனுப்புவது, முடிந்த பேரத்துக்குச் சாட்சி தேடுவதாகும். வெள்ளவத்தையில் ஓர் உறுதி பெற்றுத்தரும் மரியாதையை வட கொழும்பில் சட்டமும் அமைப்பும் பெற்றுத்தர வேண்டும். நகரப் புதுப்பிப்பு நீதியானதா என்பதை அதைக் கொண்டே அளக்கலாம்.