சதங்கையும் சுவரொட்டியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு வழியாக மேற்கே போனால் உன்னிச்சைக் குளம். வாவிக்கு மேற்கே கிடக்கும் இந்தப் படுவான்கரை ஊர்களில், வெள்ளாமை வெட்டு முடிந்த ஓய்வுநாட்கள்தான் கூத்துக்குரிய காலம். சுவரொட்டி ஒட்டாமலே அரங்கேற்ற இரவில் ஆடுகளமான களரியைச் சுற்றிச் சனம் நிறையும். அதை, விளம்பரத்தை நம்பிய எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ படத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

வாசன் விளம்பரத் தொழிலில் இருந்து வந்தவர். 1928இல் ஆனந்த விகடனை வாங்கினார். பிறகு ஜெமினி ஸ்டூடியோ. சந்திரலேகாவுக்கு ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய் செலவானது. 1948 ஏப்ரலில் தமிழில் வெளியானபோது போட்ட பணம் திரும்பவில்லை. அவர் சோர்ந்துபோகாமல் அதே ஆண்டின் இறுதியில் இந்தியில் வெளியிட்டார். வடக்கே அவரை அறியாதவர்களுக்காக முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்தார், பெரும் பணத்தை அதிலும் இறைத்தார். படம் வென்றது. விளம்பரம் சொன்ன பிரம்மாண்டம் படத்தின் முரசு நடனக் காட்சியில் கண்முன் நின்றதால்தான் அந்த வெற்றி நிலைத்தது என்று நம்புகிறேன்.

கூத்தில் அறிவிப்பு என்று தனியாக ஒரு வேலை இல்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பாத்திரங்களைப் பங்கிட்டு ஆட்டக்காரருக்குப் பாட்டேட்டைக் கொடுப்பது ‘சட்டம் கொடுத்தல்’. அன்றே யார் தருமன், யார் வீமன் என்று ஊர் அறிந்துவிடும். கூத்துப் பழக்கம் இரவில் நடக்கும்; மத்தளச் சத்தம் வயல் தாண்டிக் கேட்கும். பிறகு சதங்கை அணி விழா. முதன்முறை காலில் சதங்கை கட்டும் பையனுக்கு அது சடங்கு; பார்க்க வந்த மாமன், மச்சான், அயலார் எல்லோருக்கும் அன்றிலிருந்து அது தங்கள் கூத்து. தொடர்ந்து ஒத்திகைகளான கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல். அரங்கேற்றத்துக்கு வருகிறவர்கள் பாதிக்கூத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள். கதையும் தெரியும். ஆனாலும் விடியும்வரை இருப்பார்கள். சதங்கை கட்டியதைக் கண்ட அந்தப் பையன் எப்படி ஆடுகிறான் என்று பார்க்க வேண்டாமா? அரங்கேறியபின் வீட்டுக்கு வீடு போயும் ஆடுவார்கள். வாசன் திரையரங்குக்கு வரச்சொல்லி அழைத்தார். கூத்தோ வாசலுக்கே போகிறது.

என் மனம் கூத்தின் பக்கம்தான். ஆனால் அந்த வழி உறவும் அயலும் உள்ள தூரம்வரைதான் எட்டும். வாவிக்கு அப்பால் கூத்தை அறியாதவர்களுக்கு மத்தளச் சத்தம் கேட்காது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்த எல்லையைத் தாண்ட முயன்றார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரிடம் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைப் பழகவைத்தார். விடியவிடிய ஆடுவதைச் சுருக்கினார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘இராவணேசன்’ 1964இலும் மேடையேறின. இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. பார்வையாளருக்கு அந்த மாணவர்கள் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. சதங்கை அணி விழாவை அந்தப் பார்வையாளர்கள் கண்டதும் இல்லை. அங்கே ஆட்டம் ஒன்றுதான் அவர்களை இருத்தி வைக்க வேண்டியிருந்தது. வைத்தது.

இன்று உன்னிச்சையில் ஓர் இளைஞர் நாடகமோ குறும்படமோ எடுக்கப் புறப்பட்டால், சுவரொட்டிக்குக் காசு தேடுமுன் சட்டம் கொடுக்கும் நாளுக்கு ஊரைக் கூப்பிடட்டும். வாசனின் முழுப்பக்கம் பாலம் கடக்கும்போது தேவைப்படும்.