ஒரே வாரத்தில் திருத்தப்பட்ட சாசனம்

ஜோயல் ஷூமேக்கரின் 'வெரோனிகா கெரின்' (2003) படத்தில் என்னை உறுத்தியது அதன் முடிவுரைதான். டப்ளின் போதைக் கும்பல்களைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் சுடப்பட்டு இறந்ததும் மக்கள் தெருவில் இறங்கினார்களாம். ஒரே வாரத்தில் நாடாளுமன்றம் அவசரமாகக் கூடி, போதை முதலாளிகளின் சொத்தை முடக்க அரசியல் சாசனத்தையே திருத்தியதாம்.

அயர்லாந்தில் மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் சாசனத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. ஆகவே திருத்தங்களின் பட்டியலை எடுத்தேன். வெரோனிகா கொல்லப்பட்டது 1996 ஜூன் 26, நேஸ் சாலை சிக்னலில். 15ஆவது திருத்தம் விவாகரத்து பற்றியது. அது அவர் உயிரோடு இருந்தபோதே முடிந்துவிட்டது. 16ஆவது ஜாமீன் பற்றியது. அதற்கான வாக்கெடுப்பு நவம்பர் 28. சொத்து முடக்கம் இரண்டிலும் இல்லை. ஜூலை மாதத்தில் திருத்தமே கிடையாது.

பிறகு அந்த 'ஒரு வாரம்' எங்கிருந்து முளைத்தது? அவைக் குறிப்புகளைப் புரட்டியபோது துப்பு கிடைத்தது. ஜூலை 2 அன்று, கொலை நடந்த ஆறாம் நாள், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜான் ஓடோனஹூவின் சொத்து முடக்க மசோதா விவாதத்துக்கு வருகிறது. அதுவே பின்னர் பெயர் மாறி, ஆகஸ்ட் 4ஆம் தேதி சட்டமாகிறது. தண்டனைத் தீர்ப்பு வராவிட்டாலும் உயர் நீதிமன்றம் சொத்தை முடக்க வழிசெய்யும் கடுமையான சட்டம்தான். ஆனாலும் சாதாரணச் சட்டம். ஜூலை விவாதம், ஆகஸ்ட் சட்டம், நவம்பர் வாக்கெடுப்பு மூன்றையும் திரைக்கதை ஒன்றாகப் பிசைந்துவிட்டது என்பது என் ஊகம்.

அந்த நவம்பர் வாக்கெடுப்பில் வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 29 சதவீதம் பேர். தேசமே பொங்கி எழுந்தது என்று சொல்ல நினைப்பவருக்கு இந்த எண் உதவாது.

வெரோனிகாவாக வரும் கேட் பிளான்செட்டின் நடிப்பில் குறையில்லை. ஆனால் நிஜ வெரோனிகா கணக்கியல் படித்தவர். பணம் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிந்தவர். அவதூறுச் சட்டத்துக்குப் பயந்து பத்திரிகைகள் குற்றவாளிகளின் பெயரை அச்சிடத் தயங்கிய காலத்தில், பட்டப்பெயர்களை வைத்தே வாசகருக்கு ஆளை அடையாளம் காட்டியவர். ஒரு திரில்லருக்கு இதைவிடச் சுவையான சரக்கு வேறென்ன வேண்டும்? படமோ தைரியத்தையும் துப்பாக்கியையுமே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. வேலையைக் காட்டாததால்தான் முடிவில் அற்புதம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

படத்தின் வில்லன் ஜான் கில்லிகனை 2001இல் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. கஞ்சா கடத்தலுக்குக் கிடைத்த 28 ஆண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் 20 ஆகக் குறைந்தது. 2013இல் வெளியே வந்தார். ஒரு வாரத்தில் முடிந்ததாகப் படம் சொல்லும் அந்தச் சொத்து விவகாரத்தில், கில்லிகன் குடும்பத்தின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது 2017இல்.