கப்பல் ஏறிய குடும்பங்களின் கதை

ஜூனோ டியாஸ் டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். ஆறு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். 1996-ல் ‘ட்ரவுன்’ என்ற சிறுகதைத் தொகுப்பு வந்தது. முன்னால் போய்விட்ட அப்பா, ஊரில் காத்திருக்கும் அம்மா, பிள்ளைகள் என்று குடும்பக் கதைகள். போன பையனே இருபத்திச் சொச்சம் வருஷத்தில் எழுதிவிட்டான்.

தமிழில் இது இவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை.

1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி, நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களும் அதில் உண்டு. செய்யூரும் அந்த ஜில்லாதான். இங்கே கூலி ஜனங்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு, கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கை போதும். உழுபவனுக்குக் குடிசை போட்ட மனை கூடச் சொந்தமில்லை.

கப்பல் பதிவேட்டில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் இருக்கிறது. (கணக்கு எழுதியவரைக் குறை சொல்ல முடியாது!) வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்தான், ஏன் வந்தான் என்று எழுத அதில் இடமில்லை.

இலங்கைக்குப் போனவர்கள் கதையும் இதேதான். காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. 1935-ல் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ எழுதினார். வாசவன்பட்டி மருதி தோட்டத்துக்குப் போய்ச் சீரழிகிற கதை. இன்றைக்குப் படித்தாலும் வயிற்றைக் கலக்கும். ஆனால் எழுதியவர் தோட்டத்து ஆள் இல்லை, திருநெல்வேலிப் பத்திரிகைக்காரர். அதனால் கதையில் கொடுமை தெரிகிற அளவுக்கு அந்த ஜனங்களின் சாதாரண நாள் தெரிவதில்லை.

அது தெரிவது தெளிவத்தை ஜோசப்பிடம். 1934-ல் பதுளைப் பக்கம் தோட்டத்திலேயே பிறந்தவர். அவருடைய ‘மீன்கள்’ கதையில் லயத்தில் ஒரே ஒரு அறை. புருஷன் பெண்டாட்டி, வயசுக்கு வந்த மகள், எல்லாரும் அதற்குள்தான் படுக்கவேண்டும். கங்காணி அடிக்கிற காட்சி எதுவும் தேவைப்படவில்லை. ராத்திரி விளக்கை அணைத்தாலே போதும், அந்த வீட்டில் பிரச்சினை ஆரம்பித்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான். 2013-ல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்தது, 2022-ல் காலமானார்.

இதற்கிடையில் 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவு. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பலர், ‘சொந்த நாடு’ என்று கேள்விப்பட்டிருந்த இடத்துக்கு முதல் தடவையாக வந்து மண்டபம் முகாமில் இறங்கினார்கள். இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’.